குடும்பத்தில் இரண்டாவது ஆள்

விரல்கள் வலுவிழந்து, கத்தி நழுவி, ஒரு வாடிக்கையாளரின் காது கிழிந்த பிறகுதான் சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றார்கள். பெரிய டாக்டர் தினமும் மாணவர் பட்டாளத்தோடு வந்து, அவர் கையைத் தூக்கிக் காட்டிப் பாடம் நடத்தினார். சலூன்காரருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். "தம்பி, உங்க கிருதா ரெண்டும் ஒரே அளவா இல்ல. நான் எந்திரிச்சதும் சரி பண்ணித் தர்றேன்" என்று மாணவர்களைச் சிரிக்க வைப்பார்.

ஒருநாள் மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். வார்டு வாசலில் அவள் செருப்பு கழன்று விழுந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை. மாணவர்களோடு நின்றிருந்த டாக்டர் பார்த்துவிட்டார்.

"இன்னொரு தடவை நடந்து காட்டும்மா."

நடந்தாள். பாதம் தரையில் இழுபட்டது. டாக்டரின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, குடும்பத்துல ரெண்டாவது ஆள்! பரம்பரை நோய்தான். நம்ம ஆய்வுக் கட்டுரைக்கு வேற என்ன வேணும்?"

சலூன்காரர் கட்டிலைவிட்டு இறங்கி வந்தார். "அவளை விட்டுடுங்க சார். நான் ஒருத்தன் இருக்கேன்ல" என்று கெஞ்சினார்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் நடந்தா அப்பாவுக்குக் குணமாயிடுமா சார்?"

"இதுக்கு மருந்தே கிடையாதும்மா" என்றார் டாக்டர், சிரிப்பு மாறாமல்.

அடுத்த வாரம் இருவரையும் வராந்தாவில் சேர்ந்து நடக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். மகள் தடுமாறியபோது அவர் தாங்கப் போனார்.

"பிடிக்காதீங்க பெரியவரே, நடை சரியாத் தெரியாது" என்றான் கேமராக்காரன்.