கை நனையாத பண்டங்கள்

என் தங்கை மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் மூத்தவனாகிய என் வணக்கம். முறைப்படி அவர்தாம் என்னைப் பற்றி எழுதியிருக்க வேண்டும், வரிசை மாறிவிட்டது. வீட்டில் ஒருமையில் அழைத்தவரை அச்சில் பன்மையில் எழுதுவதற்குக் கை தயங்குகிறது. எனினும் அவருக்கு அம்மதிப்பு உரியது என்பதால் அவ்வாறே எழுதுகிறேன்.

செம்பட்டிக்கு மேற்கே, கிணற்றுப் பாசனத்தில் காய்கறியும் பூவும் பயிரிட்ட குடும்பத்தில் நாங்கள் இருவரும் பிறந்தோம். எங்கள் சிறு வயதிலேயே தந்தையார் காலமானார். தாயார் விடியுமுன் பூப்பறிக்கச் சென்றுவிடுவார். பள்ளிக்குப் புறப்படும் எனக்கு ஏதேனும் உண்ணக் கொடுக்கும் பொறுப்பு இளையவரான தங்கையிடம் வந்து சேர்ந்தது. அடுப்பு மூட்ட நேரமிராது. அவலை நனைத்து வெல்லம் சேர்ப்பார். அவல் தீர்ந்திருந்தால் பொட்டுக்கடலையை இடித்து, நாட்டுச்சர்க்கரையும் சிறிது நெய்யும் கூட்டி உருட்டிக் கையில் வைப்பார். இருப்பதைக் கொண்டு விரைந்து செய்வது அவருக்கு அவ்வயதிலேயே கைவந்துவிட்டது. நான் தமிழ் பயின்று ஆசிரியனானேன். அவர் பத்தாம் வகுப்போடு நின்றுகொண்டார்.

திண்டுக்கல் நகரில், கிணற்று மோட்டார்களுக்குக் காயில் எனும் செப்புக் கம்பிச்சுருள் கட்டும் கடை வைத்திருந்தவர் என் மைத்துனர். வீட்டின் முன்பகுதி கடை, பின்பகுதி குடியிருப்பு. தங்கை அவரை மணந்து அவ்வீடு புகுந்த நாள் முதல், காயில் எரிந்துபோன மோட்டாரைச் சுமந்துகொண்டு கீரனூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வரும் உழவர்கள் அவருக்கு விருந்தினர் ஆனார்கள். நீரின்றி நிற்கும் பயிரை எண்ணிக் கலங்கிய முகத்தோடு வருபவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்ததும் உள்ளிருந்து, “செத்த இருங்க” என்னும் குரல் வரும். மைத்துனர் மோட்டாரின் மூடியைக் கழற்றுவதற்குள் தட்டு வந்துவிட வேண்டும் என்பது தங்கை தமக்கு விதித்துக்கொண்ட நெறி. வெயிற்காலமாயின் இஞ்சி தட்டிய நீர்மோர், அல்லது எலுமிச்சையும் உப்பும் நன்னாரியும் கலந்த நீர். மழைநாளாயின் இரும்புக் கல்லில் நெய் தடவி வாட்டிய ரொட்டித் துண்டு, அதன்மேல் பொடியாக அரிந்த வெங்காயமும் மிளகுத்தூளும்.

‘செத்த’ என்பது ‘சற்றே’ என்பதன் திரிபு, வந்தவரிடம் சொல்லத் தக்க ஒலியுடையதன்று என்று ஒருமுறை அவரிடம் எடுத்துரைத்தேன்.

“சற்றே இருங்கள்னு சொன்னா, கடனத் திருப்பிக் கேக்குற பேங்க்குன்னு நெனச்சு எந்திரிச்சு ஓடிருவாங்கண்ணே” என்றார். அதன்பின் அச்சொல்லைத் திருத்த நான் முற்படவில்லை.

அவருக்கு ஒரே மகள். நகரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் பணியாற்றியவர், உடன் பணியாற்றிய ஒருவரை விரும்பி மணந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் முருங்கையும் காய்கறியும் பயிரிடும் கிறித்துவக் குடும்பத்தினர், பண்புடையவர்கள். எனினும் தம்மைக் கேளாமல் முடிந்த மணத்தை மைத்துனரால் ஏற்க இயலவில்லை. உறவினர் கூடியிருந்த அவையில், “இந்தச் சென்மத்துல அவுங்க வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். அவுங்களும் இங்க நனைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார்.

நம் பக்கத்தில் கை நனைத்தல் என்பது உண்ணுதல் மட்டுமன்று. பெண் பார்க்கச் செல்பவர்கள் உறவு உறுதியாகும்வரை அவ்வீட்டில் கை நனைப்பதில்லை. பகை கொண்டவர்கள் பகை தீரும்வரை நனைப்பதில்லை. எனவே மைத்துனர் கூறியது சம்பந்தமே இல்லை என்னும் அறிவிப்பாகும். மகளை வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மகள் தாயிடம் தெளிவாகக் கூறினார்: “அவங்களுக்கு இல்லாத சோறு எனக்கும் வேணாம்மா. அவங்க வரட்டும், அன்னைக்கு நானும் வாரேன்.”

தங்கையின் வாழ்வில் அதைவிடக் கடுமையான காலம் ஒன்றிருந்ததாக நான் அறியேன். வருவோர்க்கெல்லாம் தட்டு நீட்டிய வீட்டில் பெற்ற மகளுக்கு இடமில்லாமற் போயிற்று. கணவரிடம் பேசிப் பாரேன் என்றேன்.

“சொன்ன சொல்ல மாத்துங்கன்னு நான் கேக்க மாட்டேண்ணே. நாளைக்கித் தாரேன்னு சொன்ன மோட்டார ராத்திரி முழுக்க முழிச்சுக் கட்டிக் குடுக்குற மனுசன். சொல்ல மாத்துனா அவரு அவரா இருக்க மாட்டாரு” என்றார்.

அக்காலத்தில்தான் அவர் கைப்பேசியைப் பார்த்து அடுமனைப் பண்டங்கள் செய்யப் பழகினார். தடித்த சட்டியில் கல்லுப்பைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தாங்கி ஒன்றை வைத்து, பண்டத் தட்டை இறக்கி மூடிவிடுவார். ஒரு பங்கு நெய், ஒரு பங்கு பொடித்த சர்க்கரை, இரண்டு பங்கு மாவு, சிட்டிகை சமையற்சோடா: இவ்வளவுதான் அவருடைய பிஸ்கட். முதல் முறை அடி கருகிவிட்டது. கடையிலிருந்து மைத்துனர் குரல் கொடுத்தார்: “ஏத்தா, காயில் எரிஞ்ச வாசம் வருது. உள்ள எந்த மோட்டாரு ஓடுது?”

“ஒங்க கடைக்குத்தான் கட்டுறேன். வந்து கழட்டிப் பாருங்க” என்றார் தங்கை.

பிஸ்கட்டுக்கு ‘மாச்சில்’ என்று நல்ல தமிழ்ச்சொல் உண்டு என நான் தெரிவித்தேன். “மாச்சிலா? மாச்சப்பட்டுக்கிட்டுச் செஞ்சதுன்னு நெனச்சுருவாங்கண்ணே” என்றார். மாச்சப்படுதல் என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பிச் சலித்துக்கொள்ளுதல். கேக்குக்குரிய ‘அணிச்சல்’ என்னும் சொல்லைக் கேட்டு, அணில் கடித்தது போலிருக்கிறதென்றார். ஆதலால் இக்கட்டுரையில் அவர் வழங்கிய சொற்களையே வழங்குகிறேன். இம்முயற்சியெல்லாம் துயரத்தை மறக்கும் பொழுதுபோக்கு என்றே அப்போது கருதினேன்.

மகள் கருவுற்ற செய்தியைச் சொல்லச் சம்பந்தி வீட்டார் இருவரும் ஒரு முற்பகலில் மகளோடும் மருமகனோடும் வந்து வாசலில் நின்றார்கள். மைத்துனர் மோட்டாரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அன்று அங்கு சென்றிருந்த நான் கடையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

“உள்ள வரலீங்க. நின்னுட்டே சொல்லிட்டுப் போயிடறோமுங்க” என்றார் சம்பந்தியம்மா.

“செத்த இருங்க” என்று உள்ளே போனார் தங்கை. நாங்கள் அச்சொல்லின் பொருளை ஆராய்வதற்குள் தட்டு வந்துவிட்டது. பொன்னிறப் பிஸ்கட்டுகள், நடுவில் ஒவ்வொரு முந்திரிப் பருப்பு.

மைத்துனர் எழுந்தார். “நான் என்ன சொல்லிருக்கேன், நீ என்ன செய்யிற?”

“கை நனைக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க? இதுல எங்க ஈரம் இருக்கு?”

கடையில் காத்திருந்த உழவர் ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். மைத்துனர் என் பக்கம் திரும்பினார். “மச்சான், நீங்க தமிழ் வாத்தியாரு. சொல்லுங்க. பிஸ்கட்டுத் தின்னா கை நனைச்சதா ஆகுமா?”

நான் சொல்லின் பொருளை மட்டுமே சொன்னேன். நனைதல் என்பது ஈரம் படுதல். உண்ணும்முன் கைகழுவி, நீர்மம் கலந்த சோற்றைப் பிசைந்து, உண்டபின் மீண்டும் கைகழுவும் உணவுக்கே அத்தொடர் பொருந்தும். உலர்ந்த பண்டத்துக்குப் பொருந்தாது.

“அப்ப டீ?”

“அது வாயத்தான நனைக்கிது” என்றார் தங்கை.

மைத்துனர் முக்காலியைக் காலால் தள்ளிச் சம்பந்தியின் பக்கம் நகர்த்தினார். “உக்காருங்க. தட்ட எம்புட்டு நேரம் அவ தூக்கிட்டு நிப்பா?” என்றார். தாமும் ஒன்றை எடுத்துக்கொண்டார். அன்று மகள் தாயின் தோளில் சாய்ந்து நின்றதை அக்கடையில் இருந்த அனைவரும் பார்த்தோம்.

அவர்கள் சென்றபின் தங்கையிடம் கேட்டேன்: முறுக்கும் அதிரசமும் உலர்ந்தவைதாமே, அவற்றை வைத்திருக்கலாமே?

“அதெல்லாம் சீர்ப் பலகாரம்ணே. வச்சா சம்மந்தம் ஏத்துக்கிட்டோம்னு ஆயிரும், அவரு தட்டத் தள்ளிருவாரு. பிஸ்கட்டு எந்தச் சடங்குலயும் இல்லைல்ல? அது வெறும் தீனி” என்றார். எந்த வழக்காறும் தொடாத ஒரு பண்டத்தைத் தேடித்தான் அவர் அத்தனை நாள் சட்டியில் உப்பைப் பரப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அதன்பின் அவர்கள் வரும்போதெல்லாம் உலர்ந்தவையே வந்தன. சிறுமலை வாழைப்பழத்தை மசித்து வெல்லப்பாகோடு கேக், கேழ்வரகுப் பிஸ்கட், பேரனுக்குப் பல் முளைக்கையில் கடிக்க விரல் நீளத்தில் உப்பு ரொட்டி. சோறு மட்டும் வரவில்லை. கிறித்துமசுக்கு ஒட்டன்சத்திரம் செல்லும் மைத்துனர் ஒரு துண்டு கேக்கோடு எழுந்துவிடுவார். வீடு திரும்பிப் பசியோடு உண்பார். “எங்க வீட்டுச் சோத்து மேல மட்டும் உங்களுக்கு என்னங்க கோவம்?” என்று சம்பந்தி ஒருமுறை கேட்டார். மைத்துனர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். அவர்களிடையே பகை எப்போதோ கரைந்துவிட்டது. சொல்லிய சொல் மட்டும் கரையாமல் நின்றது.

தங்கைக்கு இதயம் தளர்ந்தது. பருகும் நீரையும் அளந்து கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். வந்தவர்க்கெல்லாம் நீர்மோர் கொடுத்தவர் தமக்குரிய நீரை நாவில் தொட்டுக்கொண்டு படுத்திருந்தார். மகள் வந்து தங்கினார். கடைக்கு வருவோர்க்கு அவர் தட்டு எடுத்துச் செல்ல, படுக்கையிலிருந்தபடியே “இஞ்சி கொறச்சுப் போடு, வெயிலு ஏறலை” என்று தங்கை சொல்வார். ஒருநாள் அவரருகே அமர்ந்து, மைத்துனரிடம் அந்தச் சொல்லைப் பற்றி நானே பேசட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாண்ணே. நான் கேட்டேன்னு சொன்னா சரின்னுருவாரு. அப்புறம் சீக்குக்காரிக்காகச் சாப்பிட்டதா ஆயிரும். சம்மந்திக்கு அது மரியாதை இல்ல” என்றார்.

ஒரு காலைப்பொழுதில் உறக்கத்திலேயே அவர் நம்மை விட்டுப் பிரிந்தார். அன்று மாலை அடக்கம் முடிந்து நீராடி வந்தோம். இறப்பு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு எரியாது. சம்பந்தி வீட்டார் சோறு கொண்டுவருவது வழக்கம். அவர்களும் கொண்டுவந்தார்கள். சோற்றுப் பாத்திரத்தையும் கொள்ளு ரசத்தையும் நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டுச் சம்பந்தியம்மா தயங்கி நின்றார். மைத்துனருக்கு மட்டும் வெளியிலிருந்து ஏதேனும் வாங்கிவரலாம் என்று உறவினர் ஒருவர் என் காதில் சொன்னார்.

“ஏனுங்க சம்மந்தி, கொஞ்சூண்டு ரசஞ்சோறுதானுங்க. வேண்டாம்னா வெச்சுட்டுப் போயிடறோமுங்க” என்றார் அவ்வம்மையார்.

மைத்துனர் மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். “தண்ணி ஊத்துத்தா.”

மகள் செம்பிலிருந்து நீர் வார்த்தார். அவர் கைகழுவி அமர்ந்தார். காதில் சொன்ன உறவினருக்கு மனம் பொறுக்கவில்லை: “ஏப்பா, நீ அன்னைக்குச் சபையில சொன்னது...”

“இந்தச் சென்மத்துலன்னு சொன்னேன். அது காலையிலயே முடிஞ்சிருச்சு. சோத்தப் போடுங்க சம்மந்தி” என்றார்.

ரசத்தை ஊற்றிப் பிசைந்து உண்டார். மறுசோறும் கேட்டு வாங்கினார். சம்பந்தி இருவரையும் தம் பக்கத்தில் அமரச் செய்து, அவர்களும் உண்டு முடிக்கும்வரை இலையை விட்டு எழவில்லை.

என் தங்கையின் இறுதி நாள்களில் கனிவோடு மருத்துவம் செய்த மருத்துவர்க்கும் செவிலியர்க்கும், நேரம் பாராமல் வண்டி எடுத்து வந்த தெருவினர்க்கும், கடைக்கு மோட்டார் கொண்டு வந்தவர்களாகத் தொடங்கி, ஈமப் பணியில் தோள் கொடுத்தவர்களாக உயர்ந்த உழவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒட்டன்சத்திரத்துச் சம்பந்தி வீட்டாரையும் இவ்வரிசையில் முதலில் எழுதியிருந்தேன். அச்சுக்குக் கொடுக்குமுன் மைத்துனரிடம் படித்துக் காட்டியபோது அவ்வரியை நீக்கச் சொன்னார். ஏன் என்றேன்.

“நம்ம வீட்டாளுகளுக்கு யாராச்சும் நன்றி போடுவாங்களா மச்சான்?”

நீக்கிவிட்டேன்.