வெளிச்சம் பிடித்த கை

பீர்மேட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சோலைக்கு ஊரார் முகமெல்லாம் அத்துப்படி. மனைவி கற்பகம் போய்ச் சேர்ந்தபோது மாலை போட ஒரு நல்ல படம் இல்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார். அதில் அவளை அவளே அடையாளம் கண்டிருக்க மாட்டாள்.

குற்றம் அவருடையதுதான். எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி தெரியாத நயமான கலர் ஃபிலிம்தான் போடுவேன் என்று அவருக்கு ஒரு வீம்பு. அந்த ஃபிலிம் வெளிச்சத்தை ஏகத்துக்கும் கேட்கும். கல்யாண வீடுகளில் விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றவள் கற்பகம். “படத்துல விழுந்துறாத” என்பது ஒன்றுதான் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில். அப்படியும் கை விழுந்தால் பிரிண்ட் போடும்போது வெட்டிவிடுவார்.

நெகட்டிவ்வில் வெட்டவில்லையே! ஒரு வருடமாகப் பழைய சுருள்களை ஸ்கேன் செய்து தேடுகிறார். ஒன்றில் முழங்கை வரும், இன்னொன்றில் முந்தானை. அவள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள் என்று பட்டப்பகலிலேயே உடம்பு சிலிர்க்கும். முகம் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து மாரித்தாய், அவர் முன்பு எடுத்துக்கொடுத்த தன் கல்யாண நெகட்டிவ்களைப் பிரிண்ட் போடக் கொண்டுவந்தாள். மூன்றாவது துண்டின் ஓரத்தில் ஒரு முகம், தலை வெளுத்து, கன்னம் கறுத்து. ஸ்கேனர் நிறத்தைத் திருப்பியதும் கற்பகம் சிரித்துக்கொண்டு நின்றாள். சோலை வாய்விட்டு அழுதார்.

பிறகு தொழில் புத்தியில், துல்லியம் பார்க்க முழு அளவுக்குப் பெரிதாக்கினார். ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. ஆனால் அது சிரிப்பில்லை. கற்பகம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாரித்தாய் எட்டிப் பார்த்தாள். “அன்னைக்கு வெளக்குச் சூட்டுல அக்காவுக்கு மணிக்கட்டு வெந்து போச்சுல்லண்ணே? எங்கம்மாதான் எண்ணெ தடவி விட்டுச்சு.”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே!”

“அக்காதான், ‘சொல்லாதீக, படத்தைப் பாதியில விட்டுட்டு வந்துருவாரு’ன்னுச்சு.”

வந்திருப்பாரா? அவருக்கே தெரியவில்லை. அந்தத் தழும்பை அவர் தினமும் பார்த்தவர்தான். அடுப்பு சுட்டது என்று அவள் சொன்னதை இத்தனை வருடம் நம்பியிருந்தார்.

உதட்டோரத்தைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் இழுத்தால் சிரிப்பாக்கிவிடலாம். எத்தனையோ மணப்பெண்களுக்குச் செய்ததுதான். மவுஸைப் பிடித்தார், கை வரவில்லை. அப்படியே பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டினார். இப்போது அவள் எதிரில் உட்கார்ந்து அவரால் ஒரு வாய் சோறு விழுங்க முடியவில்லை.