மலைக்குப் பின்னால் வராத வானொலி

எங்கள் சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. வராமல் போனால்தான் அப்படி ஒன்று இருந்ததே ஊருக்குத் தெரியும். மதுரைக்குள் ஒரு கல்லூரி நடத்தும் சிறிய சமுதாய வானொலியில் வேலை பார்க்கிறேன். அதிகம் பேசாதவள் என்பதால் என்னை மைக் முன்னால் உட்கார வைக்கவில்லை. புகார்களைக் கேட்பதும், கையடக்க ரேடியோவோடு போய் எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று பார்த்து வருவதும் என் வேலை. சிக்னலுக்காக மொட்டை மாடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் என் கஷ்டம் அறிந்தவர்கள்.

சிலோன்

உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். மதுரையில் மகள் வீட்டில் கேட்ட எங்கள் நிகழ்ச்சி சொந்த ஊரில் வரவில்லையாம். மத்திய அலை தரையை ஒட்டி வெகுதூரம் போகும், சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வரும், எங்கள் பண்பலையோ நேர்கோட்டில் மட்டும் போகும், எங்களுடைய குறைந்த சக்திக்கு அதுவும் கொஞ்ச தூரம்தான் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அந்தக் காலத்துல சிலோன் பாட்டு கடலைத் தாண்டி வந்துச்சு தாயி. நீங்க இந்தா இருக்குற செக்கானூரணியைத் தாண்ட மாட்டேங்குறீக.”

மலை

பாண்டிச்செல்வி திருப்பரங்குன்றம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடு வளர்க்கிறார். சனிக்கிழமைதோறும் எங்கள் கல்லூரியில் நடக்கும் ஆடு வளர்ப்புப் பயிற்சிக்கு வருவார். நன்றாகப் பேசுகிறாரே என்று ஒருநாள் அவர் பேச்சைப் பதிவு செய்தோம். ஒலிபரப்பு நாளையும் சொல்லி அனுப்பினோம். அவருடைய ஊர் மலையின் மறைவில் இருக்கிறது, அங்கே எங்கள் அலை இறங்காது என்பது ஸ்டூடியோவில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதிவு முடிந்த மறுநாளே பாண்டிச்செல்வியிடமிருந்து போன் வந்தது. எங்கள் ஸ்டேஷனே வராத ஊரில், ரேடியோவுக்காகப் பேசியதாகச் சொன்னதை வீட்டில் நம்பவில்லை. சனிக்கிழமை டவுனில் இவளுக்கு என்ன வேலை என்று கேள்வி கிளம்பிவிட்டது. ரேடியோவில் கேட்டால்தான் இனி பயிற்சிக்கு அனுப்புவேன் என்று கணவர் கருப்பையா சொல்லிவிட்டாராம். பதிவை வாட்ஸப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல் பதில் சொன்னது.

“போன்ல யாரு வேணாலும் பேசி அனுப்பலாம். ரேடியோவுல வந்தாத்தான் வந்தது.”

வயர்

ஒலிபரப்புக்கு முன்பே கையடக்க ரேடியோவோடு அந்த ஊருக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் இரைச்சல். ரேஷன் கடை வாசலில் இரைச்சல். கோயில் மேடையில் ஏறி நின்றாலும் இரைச்சல்தான். ஊரே என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வாலிபால் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் பக்கத்தில் வந்து, தன் போனிலும் எஃப்.எம். வருவதில்லை என்றார். காதில் புளூடூத் மாட்டியிருந்தார். வயர் வைத்த இயர்போனைச் செருகினால் அந்த வயரே ஏரியலாக வேலை செய்யும், மற்ற ஸ்டேஷன்களாவது வரும் என்றேன்.

“வயரை மாட்டிட்டு நின்னா பயலுக ஓட்டியே கொன்னுருவாய்ங்கக்கா. ரேடியோ வராட்டிப் போகுது.”

கண்மாய்க்கரை

ஊரைத் தாண்டிக் கண்மாய்க்கரையில் ஏறியதும் இரைச்சலுக்குள்ளிருந்து எங்கள் அறிவிப்பாளரின் குரல் வந்தது. மலையின் மறைவு அந்த இடத்தில் முடிகிறது போலும். ஒலிபரப்பு நாளன்று மாலை பாண்டிச்செல்வி, கருப்பையா, மாமியார் மூவரையும் அங்கே வரச் சொன்னேன்.

ரேடியோவைக் கருப்பையாவே வாங்கிக்கொண்டார். நெஞ்சோடு பிடித்தால் இரைந்தது. தலைக்கு மேல் தூக்கினால் தெளிந்தது. மனைவியின் குரல் வந்ததும் அவர் முகம் மாறியது. “ஏலேய், நம்ம செல்விதாண்டா!” என்றார் மாமியார்.

ஆனால் பேச்சு கருப்பையாவை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. “எங்க வீட்டுக்காரரு ஆட்டுக்கு எது வந்தாலும் மஞ்சத்தண்ணி தெளிச்சாப் போதும்பாரு. குடற்புழு மருந்து குடுங்கன்னா காதுலயே வாங்க மாட்டாரு. அப்பிடித்தான் ரெண்டு குட்டியப் பறிகொடுத்தோம்” என்றது ரேடியோ. கருப்பையாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. இரைச்சல் வந்தது.

“கையை இறக்காதீக, நான் இன்னும் முடிக்கல” என்றார் பாண்டிச்செல்வி.

கை மேலே போனது. முடியும்வரை இறங்கவில்லை. மாமியார் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கருப்பையாவே மனைவியை பைக்கில் கொண்டுவந்து கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார். பாண்டிச்செல்வி உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ஏன் மேடம், ஊருக்குள்ள ஒண்ணுமே கேக்கல. என்னையத் திட்டுனதை மட்டும் எப்பிடி அம்புட்டுத் தெளிவா அனுப்புனீக?”

அரசாங்கம் எங்களுக்கு ஒதுக்கித் தருவது ஓர் அலைவரிசை எண்ணை மட்டும்தான். அதைக் கேட்பதற்கான ஆளையும் அவர் நிற்க வேண்டிய இடத்தையும் நாங்களேதான் வெயிலில் அலைந்து தேடிக்கொள்கிறோம்.