நடு வளையம்

காலை ஆறு மணிக்கு ராமாமணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கிருபாசங்கர் வணக்கம் சொல்வதில்லை. நேராக முந்தின நாள் சண்டைக்குப் போய்விடுவார். அன்றும் அன்னூர் வீட்டு வாசலில் பல் துலக்கியபடியே எடுத்து, "நடுவுல இருக்கறது இல்லீன்னாலும் அது உடாதுங்க மேடம்" என்றார். மறுமுனையில் பேசியது ராமாமணியின் கணவர் அழகிரிசாமி. ராத்திரி தூக்கத்திலேயே ராமாமணி போய்விட்டார்.

கோவைக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ராமாமணிக்கு எங்கே போனாலும் கண் பருத்தியின் மேல்தான். கல்யாணப் பந்தியில் யாருடைய வேட்டியிலாவது பிரி நீட்டிக்கொண்டிருந்தால், "ஏனுங்க, ஒரு நிமிசம்" என்று கேட்டு உருவிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார். திங்கட்கிழமை அது சோதனைக் குழாய்க்குள் இருக்கும்.

மட்கும் பருத்திமாரில், அதாவது காய்ந்த பருத்திச் செடித் தண்டில், வாழும் ஒரு பாக்டீரியாவைத்தான் அவர் படித்துவந்தார். அது சுரக்கும் நொதியில் இரண்டு பகுதிகள். ஒன்று பருத்தி நாரை வெட்டும். மற்றது நாரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பிடி விட்டால் வெட்டும் பகுதி தண்ணீரோடு போய்விடும். "வெட்டறவங்களுக்குத்தானுங்க பேரு. புடிச்சுட்டு நிக்கறவங்கள ஆரு கேக்கறா?" என்பார். புரதத்துக்கும் அவரிடம் மரியாதை குறையாது. அதன் வடிவத்தைக் காணப் படிகம் வளர்த்த காலத்தில், மாதக்கணக்கில் ஒன்றும் விளையாத துளியைப் பார்த்து, "இன்னிக்கு மனசில்லீங்களாட்ட இருக்குது" என்று சொல்லி மூடி வைப்பார்.

கடைசியில் வடிவம் கிடைத்தது. பிடிக்கும் பகுதிக்கு ஒரு பக்கம் தட்டை. அதில் மூன்று வளையங்கள் ஒரே வரிசையில் நாரின் மேல் படிந்து உட்காரும். யாராவது கேட்டால் அவர்கள் சட்டைக் கையில் தன் மூன்று விரல்களைப் பதித்துக் காட்டுவார். பிறகு நடுவிரலை மட்டும் தூக்குவார். "இவரில்லீன்னா மத்த ரெண்டு பேருந் தாங்க மாட்டாங்க."

மற்ற இரண்டே போதும் என்பது கிருபாசங்கரின் கட்சி. வருஷக்கணக்கில் நடந்த இந்த வழக்கைத் தீர்க்க, நடு வளையத்தை எடுத்துவிட்ட புரதம் ஒன்றை ராமாமணி உண்டாக்கினார். பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை அதோடு சேர்த்து, நூலில் ஏற்றினார். மூன்று முறை அலச வேண்டும். பிறகும் நூல் ஒளிர்ந்தால் கிருபாசங்கர் சொன்னது சரி, அணைந்துபோனால் ராமாமணி. நூல் கிருபாசங்கரின் வேட்டியில் உருவியதுதான். ஆனால் அலச மட்டும் அவரை விடவில்லை. "உங்களுது டிராக்டர் புடிக்கற கைங்க சார். நூலு பாவமுங்க."

காரியங்கள் முடிந்து துறைக்கு வந்த அன்று கிருபாசங்கர் குளிர்பெட்டியைத் திறந்தார். அந்த நூல் கிடந்த குழாயை நீல விளக்கின் கீழ் பிடித்தார். பச்சை மங்கியிருந்தது, ஆனால் இருந்தது. கொஞ்ச நேரம் தன் சட்டைக் கையில் மூன்று விரல்களைப் பதித்தபடி நின்றார். நடுவிரலைத் தூக்கவில்லை. குழாயை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஒவ்வொரு முறை அலசியதும் மூடியில் ஒரு மைப்புள்ளி வைப்பது ராமாமணியின் வழக்கம். மூடியில் இரண்டு புள்ளிகள் இருந்தன.