பக்கக் கண்ணாடி இல்லாத லாரி

சரக்கு லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வெறும் வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு என்று சீட்டு அடித்துக் கொடுப்பார். ஓட்டுநர்களுக்கெல்லாம் அவர் எடைமேடை அக்கா. ஒரு நாளைக்கு எண்பது லாரியாவது அவர் கண்முன் போகும்; அவர் மட்டும் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். அதில் லாரி ஓட்டும் கேம் ஒன்று இருந்தது. ஒரு விடுமுறையில் சும்மா திறந்து பார்த்த அக்கா, அதன்பின் தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஒரு லோடு இறக்கிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தார். ஆனால் கம்ப்யூட்டர் திணறியது. மழை வந்தால் படம் நின்று நின்று நகர்ந்தது. மழையை அணைத்தார், நிழலை அணைத்தார், கடைசியில் லாரியின் பக்கக் கண்ணாடிகளையும் அணைத்தார். ஒருவழியாக வண்டி ஓடியது.

அவர் கணவர் நிஜ லாரி ஓட்டுநர். வாரத்தில் நாலு நாள் சாலையில்தான் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணாடி எங்க?"

"அணைச்சு வச்சிருக்கேன். இருந்தா திக்குதுங்க."

"கண்ணாடி இல்லாத வண்டிய நான் தொடக்கூட மாட்டேன். நீ பாட்டுக்கு மெயின் ரோட்டுல போயிட்டிருக்க."

விளையாட்டுதானே என்று அக்கா சிரித்தார். கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடும்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் போன் போட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர் இத்தனை நாளும் தனக்குள் இருந்த சொற்ப வசதியை வைத்தே படம் காட்டிக்கொண்டிருக்கிறது, தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்றாள். பழைய பெட்டி என்பதால் பார்த்து வாங்கச் சொன்னாள்.

பார்த்து வாங்குவதென்றால் அக்காவுக்கு அளந்து வாங்குவது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதினார். கார்டு உட்காரும் இடத்தை ஸ்கேலால் அளந்தார். ஒரு சாணுக்கு மேல் இடமில்லை. பவர் சப்ளை மேல் ஒட்டியிருந்த தாளில் முந்நூறு வாட்ஸ் என்றிருந்தது. இரண்டையும் வீணாய்ப்போன ஒரு எடைச்சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார்.

கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே மூன்று விசிறி வைத்த பெரிய கார்டைக் காட்டினார். இதைப் போட்டால் அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். புது இன்ஜினைப் பார்ப்பதுபோலக் கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தார்.

"இது அறுநூத்தம்பது வாட்ஸ் கேக்குது. எங்க பெட்டி தாங்குறதே முந்நூறு. இப்படி ஒரு வண்டி என் மேடைக்கு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

பவர் சப்ளையையும் மாற்றிவிடலாமே என்றார் கடைக்காரர். அக்கா ஸ்கேலை வைத்துக் காட்டினார். நீளமும் இடித்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதான ஒற்றை விசிறிக் கார்டோடு வந்தார். தனி ஒயர் வேண்டாம், செருகும் இடத்திலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் என்றார். புதிதாக வரும் கேம்களுக்கு இது பத்தாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"நான் ஓட்டுறது ஒரே ஒரு லாரிதான்" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து கார்டைச் செருகி, திருகை முடுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். விசிறி சுற்றியது, மானிட்டரோ சிக்னல் இல்லை என்றது. அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் அதே பாட்டுதான். கடைக்காரன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று கணவர் சட்டையை எடுத்து மாட்டினார், கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர. அக்கா பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தார். மானிட்டர் கேபிள் பழைய துளையிலேயே இருந்தது. பிடுங்கிப் புதுக் கார்டின் துளையில் செருகினார். படம் வந்தது.

"சட்டையைக் கழட்டுங்க."

முதலில் பக்கக் கண்ணாடிகள், அப்புறம் நிழல், அப்புறம் மழை என்று எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இடது கண்ணாடியில் பின்னால் வரும் தன் டிரெய்லர் தெரிந்தது. சக்கரங்கள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வந்தன. இத்தனை மாதமாகத் தன் வண்டியின் பின்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. அதையே பார்த்துக்கொண்டு போய் சாலையின் நடுச்சுவரில் உரசினார்.

"தள்ளு, நான் பாக்குறேன்" என்று கணவர் உட்கார்ந்தார். குறுகலான ஒரு கிடங்குக்குள் டிரெய்லரை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்று அக்கா ஒத்துக்கொண்டார். அந்த மிதப்பில் கிடங்கை விட்டு வெளியே வந்த கணவர் முதல் சிக்னலிலேயே சிவப்பைத் தாண்டினார். திரையில் விதிமீறல் என்று எழுத்து வந்தது.

"மஞ்சள்லதான் போனேன்."

"சிவப்புங்க. நான் பாத்தேன்."

அக்கா டீ போட எழுந்து போனார். அடுப்பில் பால் பொங்கி இறங்கும்வரை, முன்னறையில் அது மஞ்சள்தான் என்று கணவர் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.