பலகையில் இருந்த நேற்றைய எழுத்து

முதலில் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதைத் தவிர பேனாவை அதிகம் தொட்டதில்லை. எந்த இடத்தில் எந்த ‘ல’ வரும் என்பதில் இன்றும் சந்தேகம்தான். அச்சடிப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் ஊராட்சியின் பழைய தலைவர் இறந்து வருகிற மார்கழியோடு ஒரு வருடம் ஆகிறது. அவர் நினைவாகப் புத்தகம் போடுகிறார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் எழுதித் தரவேண்டும் என்றார்கள். அவர் பட்டாளத்தில் இருந்ததையும், தார் ரோடு கொண்டுவந்ததையும், ஏற்காட்டு பஸ்ஸை எங்கள் ஊர்வரை வரவைத்ததையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அவரை அடக்கம் செய்த நாளைப் பற்றி எழுதுகிறேன். அன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை. விடியும் முன்பே எஸ்டேட் வழியாக மேலே ஏறித் தொட்டிக்குப் போகவேண்டும். ஊரில் எல்லோருக்கும் முன்னால் காட்டெருமைகளைப் பார்ப்பவன் நான்தான். எங்கள் ஊரில் அவற்றை மாடு என்றுதான் சொல்வோம். பல வருடங்களுக்கு முன் காப்பிப் பழம் பறிக்கப் போன ஒரு பெண்ணை மாடு குத்திவிட்டது. அப்போது அவர்தான் தலைவர். மறுநாளே பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கரும்பலகை வைத்தார். தினமும் சரியாக ஆறு மணிக்கு எனக்குப் போன் வரும். “எங்கீங்க நிக்குது?” என்று மட்டும் கேட்பார். நான் சொல்வேன். ஏழு மணிக்குள் அதைப் பலகையில் எழுதிவிடுவார். வேலைக்குப் போகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வழியைப் பிடிப்பார்கள். பதவி போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. காய்ச்சல் நாளிலும் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து எழுதுவார். பட்டாளத்தில் வெடிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டதால், போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பார். வயதில் சின்னவனான என்னையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

அடக்கம் நடந்த அன்று காலை இடுகாட்டுக்குப் போகும் மேல் வழியில், சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் ஐந்து மாடுகள் நின்றன. ஒன்று அன்றுதான் கன்று போட்டிருந்தது. கன்றின் கால்கள் இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தன. தாய் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திச் சீறியது. முதுகுப் பக்கமாகவே அடியெடுத்து வைத்து, கல்கட்டுச் சுவரைத் தாண்டிக் குதித்து, தொட்டியருகே போய் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. கீழே இறங்கியபோதுதான் அவர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

அதன்பின் தண்ணீர் பிடித்து வைப்பதும் நாற்காலி தூக்குவதுமாகவே இருந்தேன். சேலத்திலிருந்து அவரோடு பட்டாளத்தில் இருந்த பெரியவர்கள் ஜீப்பில் வந்து மாலை வைத்து சல்யூட் அடித்தார்கள். எல்லா ஏற்பாடுகளையும் தலைவருடைய மருமகன் பார்த்தார். அவர் கீழ்நாட்டுக்காரர், மலைக்குக் கீழே சமவெளியில் பிறந்து வளர்ந்தவர், படித்தவர். மாடு நிற்பதை அவரிடம் சொல்லத்தான் போனேன். போன் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நானும் போய்விட்டேன்.

மதியம் எந்த வழியாகத் தூக்கிப் போவது என்று பேச்சு வந்தது. யாரோ பலகையைக் காட்டினார்கள். ‘மாடு கீழ்ப்பக்கம். மேல் வழி போகலாம்’ என்று தலைவர் கையெழுத்தில் இருந்தது. அது முந்தின நாள் எழுதியது. அது எல்லோருக்குமே தெரியும். ஆனால் அவர் கடைசியாக எழுதியது என்று பெண்கள் அதன் முன் நின்று அழுதார்கள். பூ வைத்தார்கள். நான் இரண்டாவது முறையாக மருமகன் பக்கத்தில் போய் நின்று, கீழ் வழியில் போனால் பரவாயில்லையா என்று முனகினேன்.

“ஏனுங்க, போறவரே வழி எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு. நீங்க அதுக்கு மேல சொல்றீங்களா?” என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டேன். ஊருக்குள் வெடித்த பட்டாசுக்கே மாடுகள் ஓடியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று பிறந்த கன்றை விட்டுவிட்டுத் தாய் எங்கும் போகாது என்பது தெரிந்தும் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் பறை, அதற்கும் முன்னால் பட்டாசுப் பையோடு ஒருவர். நான் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவரை ஒட்டியே நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். கால் மட்டும்தான் நடந்தது.

சவுக்கு மரங்கள் வந்தன. மாட்டு வாடை அடித்தது. பட்டாசுக்காரர் ஒரு சரத்தைப் பாதையில் நீட்டிப் போட்டு ஊதுபத்தியோடு குனிந்தார். பனிக்குள்ளிருந்து காலையில் கேட்ட அதே சீறல் கேட்டது. குடத்தை அப்படியே சரத்தின் மேல் கவிழ்த்தேன்.

“அட கிறுக்கா, உனக்கென்ன கேடு?” என்று அவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“மாடுங்க. கன்னு போட்டிருக்குதுங்க” என்றேன்.

பறை நின்றது. பனி கொஞ்சம் விலகியபோது எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இருபது அடிகூட இருக்காது. ஒரு பக்கம் கல்கட்டு, மறுபக்கம் சரிவு. தூக்கிய பாடையை நடுவழியில் கீழே வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை, திருப்பிக்கொண்டு போகவும் கூடாது. தோள் கொடுத்தவர்கள் ஆறு பேரும் அசையாமல் நின்றார்கள். ஓடினால் தலைவர் உருண்டுவிடுவார்.

மாடு எதிரே நின்றால் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே இருக்கவேண்டும், சத்தமும் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது என்பார் தலைவர். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கும் வாய் வரவில்லை. எதையாவது பேசுங்கள் என்று மருமகன் மூச்சுக்குள் கெஞ்சினார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். “மேலத் தெருவுக்கு ஆறரைக்குத் தொறப்பனுங்க. பள்ளிக்கூடத்துக்கு எட்டு மணிக்கு. எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளுங்க. வால்வு தேஞ்சுபோச்சு, மாத்தோணும்னு எழுதிக் குடுத்திருக்குதுங்க...” இப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு பேசியதில்லை. என் வேட்டி தொடையோடு நனைந்திருந்தது. குடத்துத் தண்ணீர் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். அது முழுக்கக் குடத்துத் தண்ணீர் இல்லை.

எல்லாத் தெருவையும் இரண்டு முறை சொல்லி முடித்தபோது தாய் கன்றை முகத்தால் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கியது. மற்றவை அதன் பின்னே போயின. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் யாரும் அடியெடுத்து வைக்கவில்லை.

பறையும் இல்லாமல் வெடியும் இல்லாமல் கொண்டுபோய் அவரை அடக்கம் செய்தோம். திரும்பும்போது பலர் என் முதுகைத் தட்டினார்கள். பட்டாசுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். மருமகன் என்னோடு சேர்ந்து நடந்தார். சாமி மாதிரி வந்தீர்கள் என்றார். பிறகு, மாடு நிற்பது எப்போது தெரியும் என்று கேட்டார்.

“காலைலீங்க. ஆறு மணிக்கு.”

அவர் நின்றுவிட்டார். “ஆறு மணிக்கா?”

நான் தலையை ஆட்டினேன். தோள் கொடுத்த ஆறு பேரில் அவருடைய மகனும் ஒருவன். அவர் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்து போனார்.

அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் என்னை இன்றும் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். புத்தகத்தில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கார்த்திகை மாதம் இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை.