கடைசி ரவுண்டு

"ஈ டாக்டர்" என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் வீட்டுக்காரர் வாயில்தான். அவருக்கு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர், "ஈ டாக்டர் போன் பண்ணுச்சு, இந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டாளாம்" என்றார். யாருங்க அது என்று கேட்டேன்.

"உன் தம்பி மகதான். ஊர் உலகத்துல ஆட்டுக்கு டாக்டர் இருக்கான், மாட்டுக்கு டாக்டர் இருக்கான். நம்ம குடும்பத்துல ஈக்கு டாக்டர்."

அன்றைக்கு ஒட்டிய பெயர் ஒட்டியதுதான். அவர் ஒட்டிய பஞ்சர்கூட அத்தனை நாள் நிற்காது. பெற்றவர்கள் வைத்த பெயரை எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் மறந்தே போனார்கள்.

அவள் என் கடைசித் தம்பியின் ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை. தம்பி சினிமா கொட்டகையில் விளக்கு, மின்விசிறி பார்க்கிற வேலையில் இருந்தான். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் கொட்டகை முழுக்க ஒரு நடை நடந்து, எரிகிறதை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு அவன் வைத்த பெயர் கடைசி ரவுண்டு. ஒரு விசிறி ஓடிக்கொண்டிருந்தாலும் மறுநாள் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அதனால் அந்தப் பழக்கம் அவன் உடம்போடு ஊறிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். நான் அடுப்படியில் நிற்கும்போதே விளக்கை அணைப்பான். "உள்ள ஆள் இருக்கேன்டா" என்று கத்தினால், "இருக்கேன்னு முன்னாடியே ஒரு குரல் குடுக்கக் கூடாதாக்கா" என்பான்.

அந்த வீட்டில் வளர்ந்தவள் பல்கலைக்கழகம் போய்ப் பழ ஈயைப் பிடித்துக்கொண்டாள். அழுகின பழத்தில் மொய்க்குமே, கடுகளவு ஈ, அதைத்தான். குப்பிகளில் வைத்து வளர்ப்பாள். பட்டினி போடுவாள். எது தாங்கி உயிரோடு நிற்கிறதோ அதை மட்டும் பொறுக்கி, அதன் பிள்ளைகளை வளர்த்து, அவற்றையும் பட்டினி போடுவாள். பத்து வருஷத்துக்கு மேல் இதே வேலை. அந்த ஈக்கள் மற்ற ஈயெல்லாம் செத்து விழுந்த பிறகும் வெகுநேரம் தாங்கும் என்றாள்.

"இதுக்கு எதுக்கும்மா ஈயைப் படுத்துற? பட்டினி தாங்குறதுல நம்ம குடும்பத்தையே பரிசோதனை பண்ணியிருக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க ஒரு வேளை தாங்க மாட்டீங்க மாமா" என்று சிரித்தாள்.

எனக்கு எங்கள் வகையில் ஐந்து தலைமுறைக்கு யார் யாருக்குப் பிறந்தார்கள், யாரை எங்கே கொடுத்தார்கள் என்று சொல்ல வரும். அவளுக்கு அந்த ஈக்களின் வம்சம் நூற்றுக்கணக்கான தலைமுறைக்குத் தெரியும். அவற்றை விதை மாதிரி காயவைத்து எடுத்து வைத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து போகக் கூடாதா என்று ஒரு முறை கேட்டேன்.

"முடியாது அத்தை. உயிரோட மட்டும்தான் வச்சுக்க முடியும். ஒரு தலைமுறை போச்சுன்னா வம்சமே போச்சு."

படிப்பு முடிகிற சமயத்தில் அவளுடைய பேராசிரியர் ஓய்வு பெற்றார். இரண்டு அறையாக இருந்தது ஒன்றானது. ஆபத்துக்கு உதவும் என்று மற்ற அறையில் வைத்திருந்த இன்னொரு ஈக் கூட்டத்தையும் இதே அறைக்கு, இதே குளிர்பெட்டிக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனாலும் அவள் கலங்கவில்லை. கடல் தாண்டி ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை தயாராக இருந்தது. ஈக்களைக் கொண்டு வா, உனக்கு இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

"என்னை மாதிரி படிச்சவங்க அங்க ஆயிரம் பேர் இருக்காங்க அத்தை. இந்த ஈதான் இல்ல" என்றாள். பட்டம் வாங்கிய அடுத்த மாதம் புறப்படுவதாக இருந்தது.

பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுக்கு இரண்டு பேரை அழைக்கலாம் என்றார்கள். தம்பியும் நானும் போனோம். கறுப்பு அங்கியை வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். அது அவளுக்குக் கணுக்காலைத் தாண்டித் தரையைக் கூட்டியது. என் ஊக்கைக் கழற்றி மடித்துக் குத்திவிட்டேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் இருந்தவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்தது அவர் தண்ணீர் குடித்தது மட்டும்தான். தம்பி அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, மேல பாரு. பட்டப்பகல்ல இத்தனை விளக்கு. கவனிக்க ஒரு ஆள் கிடையாதா?"

"வாயை மூடுறா. உன் மக வரப்போறா."

எல்லோருக்கும் கொடுத்து முடிந்த பிறகுதான் கைதட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். பௌதிகம் படித்தவர்கள் போனார்கள், ரசாயனம் படித்தவர்கள் போனார்கள், மண்டபம் அமைதியாக இருந்தது. அவள் மேடை ஏறியதும் தம்பி எழுந்து நின்று கைதட்டினான். அத்தனை பெரிய இடத்தில் அவன் ஒருவன் தட்டுகிற சத்தம். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவள் பட்டம் சுருட்டி வைத்த உருளையைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பி, பல் தெரியச் சிரித்தாள்.

விழா முடிந்ததும் அறையைக் காட்டக் கூட்டிப் போனாள். மொட்டை மாடிக்குக் கீழே கடைசித் தளம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் விடுமுறை, நடையில் ஈ காக்காய் இல்லை. அறை மட்டும் சில்லென்று இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு குளிர்பெட்டி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே வரிசை வரிசையாய், பஞ்சு அடைத்த குப்பிகள். ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தகப்பனைப் பார்க்கச் சொன்னாள். அவன் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"கண்ணு செவப்பா இருக்கே" என்றான். "அழகாத்தான் இருக்கு. இவங்களாலதான் உன்னைக் கண்ணுலயே பார்க்க முடியல."

அங்கியைத் திருப்பிக் கொடுக்கிற நேரம் முடியப்போகிறது என்று ஒரு தோழி போன் செய்தாள். இவள் பதறி, "அப்பா, கதவை இழுத்துச் சாத்துங்க, அதுவே பூட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். ஊக்கை நான்தான் கழற்ற வேண்டும். தம்பி நிதானமாகப் பின்னால் இறங்கி வந்தான். மூவருமாக ரயில் ஏறினோம். பத்து வருஷத்தில் அவள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கலாம் என்று ஊருக்கு வந்தது அப்போதுதான்.

மறுநாள் மதியம் தம்பி வீட்டில் சொந்தங்களுக்கெல்லாம் சாப்பாடு. நல்ல கோடை. விசிறி சுற்றியும் வியர்த்தது. தம்பி பரிமாறிக்கொண்டே விழாவை முதலிலிருந்து சொன்னான், கைதட்டினதையும் பெருமையாகச் சொன்னான்.

"எல்லாம் படிச்சவங்கதான், யார் இல்லைன்னா? ஆனா பாருங்க, ஆள் இல்லாத ரூம்ல ஏசி ஓடுது, பெட்டி ஓடுது. இவ பாட்டுக்கு ஓடிட்டா. நான் விடுவேனா? கடைசி ரவுண்டு போய் ஒண்ணு விடாம அணைச்சுட்டுத்தான் கதவைச் சாத்தினேன்."

"அப்போ உனக்கும் ஒரு பட்டம் குடுத்திருக்கணும் மாப்ள" என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் கை தட்டிலேயே நின்றது.

"பெரிய பெட்டியுமாப்பா?"

"அதைத்தான் மொதல்ல அணைச்சேன். என்னா சத்தம்!"

அவள் எழுந்து கை கழுவினாள். "ஒரு வேலை ஞாபகம் வந்துடுச்சுப்பா, நான் கிளம்பணும்" என்றாள். தம்பி முகம் விழுந்துபோனது. "வந்ததும் வராததுமாவா?" என்றான். கொல்லைப்பக்கம் போய் யார் யாருக்கோ போன் செய்தாள். ஒரு சாவி அவளிடம் இருந்தது, இன்னொன்று பேராசிரியரிடம். அவர் வெளியூரில். காவலாளி, கதவை உடைக்க எனக்கு உத்தரவு இல்லை என்றான். அவளைத் தனியே விட மனசில்லாமல் நானும் கூடவே ரயில் ஏறினேன்.

வழியில் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்து கேட்டேன், தாங்குமா என்று.

"பட்டினி தாங்கும் அத்தை. சூடு தாங்காது."

விடிந்து போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்ததும் அடுப்பு வாய் மாதிரி முகத்தில் அடித்தது, புளித்த வாடையோடு. சுவிட்சுக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அணைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம், இங்கிலீஷில். எனக்கும் தம்பிக்கும் அது வெறும் கோடு. அவள் முதலில் சுவிட்சைப் போட்டாள். பெட்டி ஒன்றும் நடக்காதது போல உறும ஆரம்பித்தது. பிறகு குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் கறுப்புப் புள்ளிகள். புழுக்கள்கூட அசையவில்லை. எங்கோ ஒரு குப்பியில் நாலைந்து ஈக்கள் ஊர்ந்தன. எனக்கு உயிர் வந்தது.

"இதோ நடக்குதே!"

"நடக்கும் அத்தை. சூடு பட்டுடுச்சு, இனிமே பிள்ளை பெத்துக்காது."

அப்படியும் அவற்றைப் பல நாள் வைத்துப் பார்த்தாள். அவள் சொன்னபடியேதான் ஆயிற்று.

நான் அங்கே நிற்கும்போதே தம்பி போன் செய்தான். "என்ன கண்ணு, ஈயெல்லாம் சவுக்கியமா?"

"சவுக்கியம்ப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு, "அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

"ஏன்டி, செஞ்சவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா இதுல ஒண்ணாவது பிழைக்குமா?"

கடல் தாண்டி வேலை தருவதாக இருந்தவர்கள் நல்லவிதமாகத்தான் பேசினார்களாம். ரொம்ப வருத்தப்பட்டார்களாம். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு எங்கெங்கோ கேட்டாள். ஓரிடத்தில் வயது கூட, ஓரிடத்தில் படிப்பு கூட. முதலிலிருந்து ஈ வளர்க்க இன்னொரு பத்து வருஷம் யார் கொடுப்பார்கள்? அறையையும் வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

தம்பிதான் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "வெளிநாட்டு வேலை வீடு தேடி வந்துச்சு. அப்பனைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல என் மகளுக்கு." அவள் பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். மேடையில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு, அதன் கீழ் சின்ன விளக்கு மாட்டியிருந்தான். அதைக்கூடப் படுக்கப் போகும்போது அணைத்துவிடுவான். போன வருஷம் போய்ச் சேர்ந்தான். அவனுக்குக் கடைசி வரை தெரியாது.

அவள் இப்போது ஒரு மாத்திரை கம்பெனியில் இருக்கிறாள். வரிசையாக வருகிற பாட்டில்களில் மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கம்பெனிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள்.